கத்தி பிடித்த கை கணக்குச் சொல்லட்டும்

பழனி மலையின் செண்பகனூர் அருங்காட்சியகத்தைச் சாட்சிக்கு அழைத்து ஒரு வாதம் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. மூத்த விலங்கியல் பேராசிரியர் ஒருவர் அண்மையில் அதை மீண்டும் முன்வைத்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. கல்லூரி ஆசிரியர் அறைகளில், கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில், செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர்களின் பேச்சில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாதம்தான் அது. அவர் அதைக் கோவையாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் சொல்வது இது. பழனி மலையின் பறவையும் பாம்பும் பூச்சியும் உலகுக்குத் தெரிய வந்ததே துப்பாக்கியும் கத்தியும் ஏந்திய பாதிரியார்களால்தான். அவர்கள் எந்த நெறிமுறைக் குழுவிடமும் போய் நிற்கவில்லை. இன்றோ மாணவன் கையில் கத்தி இல்லை. காட்டில் ஒரு வலை கட்டக்கூட ஆறு கையெழுத்து வேண்டியிருக்கிறது. நாலு பறவையைச் சுட்டதால் எந்த இனமும் அழிந்துவிடவில்லை. நாட்டில் தினமும் லட்சக்கணக்கில் கோழி அறுபடும்போது ஆய்வகத்துத் தவளைக்காகக் கண்ணீர் விடுவது போலித்தனம். ஆசிரியனின் மனசாட்சியை நம்பாமல் விதிகளைத் திணித்ததால்தான் விலங்கியல் செத்துக்கொண்டிருக்கிறது. அறிவுக்காகச் செய்வதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கடைசி வாக்கியம்தான் வாதத்தின் உயிர்நாடி. மற்றவை எல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்க வந்தவை. அது எவ்வளவு தவறானது என்பதைப் பழனி மலையிலிருந்தே காட்ட முடியும். அவர் அழைத்த சாட்சியே அவருக்கு எதிராகப் பேசுகிறது.

முதலில் உண்மையை உண்மை என்று ஒப்புக்கொள்வோம். சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். அவற்றைக் கொண்டு வில்லியம் பிளான்ஃபோர்டு 1860களின் இறுதியில் அறிவியலுக்குப் புதிதான இரண்டு பறவைகளை விவரித்தார். ஒன்று, சோலையின் ஈரத் தரையில் திரியும் வெள்ளை வயிற்று நீலப் பறவை. மற்றொன்று, புதர்களில் கூட்டமாகக் குரலெழுப்பும் சிரிப்பான். அதன் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க்கின் பெயர் இன்றும் இருக்கிறது. 1895இல் தொடங்கிய செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியின் இயேசு சபையினர் பறவை, பாம்பு, பூச்சி, பாலூட்டி என்று சேகரித்து ஓர் அருங்காட்சியகமே அமைத்தார்கள். லூயி ஆங்கலாட் என்ற பாதிரியார் இந்த மலையின் செடிகளை வண்ணத்தில் வரைந்து குவித்தார். அதே மரபில் வந்த கே. எம். மாத்யூ பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் வெளியிட்டார். இவர்கள் இல்லாமல் இந்த மலையைப் பற்றிய நம் அறிவு இவ்வளவு இருந்திருக்காது. இதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை.

இதிலிருந்து பேராசிரியர் எடுக்கும் முடிவில்தான் கோளாறு. ஃபேர்பேங்க் காலத்தில் கிளையில் இருக்கும் பறவையை அருகில் பார்க்கத் துப்பாக்கியைத் தவிர அநேகமாக வேறு வழி இல்லை. காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகும் கேமரா இல்லை. குரலைப் பதிவு செய்யும் கருவி இல்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் மரபணுவைப் படிக்க முடியும் என்று அன்று யாருக்கும் தெரியாது. இவை எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் 'அவர்கள் சுட்டார்களே' என்று சொல்வது அந்த முன்னோடிகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுடைய இயலாமையைத் தனக்கு உரிமையாக எழுதிக்கொள்வது அது.

சேகரிப்பு என்றால் என்ன என்பதையாவது அவர் சரியாகச் சொல்லியிருக்கலாம். பாடம் செய்த ஒரு பறவையின் அறிவியல் மதிப்பு அதன் இறகில் மட்டும் இல்லை. அதன் காலில் கட்டியிருக்கும் சீட்டிலும் இருக்கிறது. எங்கே, எந்த நாளில், எந்த உயரத்தில், யார் எடுத்தது என்ற நான்கு தகவல்கள் இருந்தால் அந்தப் பறவை நூற்றாண்டு கடந்தும் பேசும். 1967இல் டெரெக் ராட்கிளிஃப், பொரி வல்லூறின் முட்டை ஓடுகள் எடை குறைந்துவருவதைக் கண்டுபிடித்தார். பழைய முட்டைச் சேகரிப்புகளில் ஆண்டு வாரியாகக் குறிப்பு இருந்ததால்தான் அது முடிந்தது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பறவைகளுக்குச் செய்த கேட்டை உலகம் புரிந்துகொள்ள அது உதவியது. சேகரிப்பின் தரப்பில் இருக்கும் மிக வலுவான உதாரணம் இது. பேராசிரியர் இதைச் சொல்லவில்லை. அவருக்காக நான் சொல்கிறேன்.

இப்போது நம் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் போய் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஃபார்மலின் மஞ்சளித்துப்போய், பாதி ஆவியாகி, மூடி துருப்பிடித்த ஜாடிகள். உள்ளே சுருண்ட பாம்பின் முதுகு திரவத்துக்கு மேலே வந்து காய்ந்திருக்கும். வெளியே ஒட்டிய தாளில் 'பாம்பு' என்று மட்டும் இருக்கும். சிலவற்றில் தாளே இருக்காது. இடம் இல்லை, தேதி இல்லை, இனப்பெயர் இல்லை. பழனி மலையின் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் சில வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் குறுகிய பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அப்படி ஒன்றைக் கொன்று சீட்டில்லாத ஜாடியில் போட்டவர் அறிவுக்காகக் கொன்றார் என்று எப்படிச் சொல்வது? அந்த உயிர் போனதால் யாருக்கும் எதுவும் தெரியவரவில்லை. அதைக் கேட்க ஒரு குழு அன்று இருந்திருந்தால் அந்தப் பாம்பு மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

ராட்கிளிஃபின் கதை சொல்லும் பாடமும் புதிதாகச் சுடு என்பதல்ல. ஏற்கெனவே எடுத்த உயிர்களை முழுமையாகப் பயன்படுத்து என்பதே. செண்பகனூரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு மாதிரியின் சீட்டையும் படித்து, படமெடுத்து, எந்த மாணவரும் தேடிப் பார்க்கும்படி பட்டியலிடக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் விலங்கியல் பேராசிரியர்கள். அந்த அருங்காட்சியகத்தை வாதத்துக்கு மட்டும் அழைத்துவிட்டு, அதில் இருப்பதைப் படிக்க ஒரு மாணவரைக்கூட அனுப்பாதவர் பாதிரியார்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

'நாலு பறவையைச் சுட்டதால் எந்த இனமும் அழியவில்லை' என்கிறார். வரலாறு தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே மறைத்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. 1900 டிசம்பரில் ரோலோ பெக் என்ற சேகரிப்பாளர் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் இறங்கினார். காரகாரா என்ற வேட்டைப் பறவைகள் பதினொன்று அவரை நோக்கிப் பறந்து வந்தன. அவற்றில் ஒன்பதைச் சுட்டார். பயமில்லாமல் வருகின்றன, நிறைய இருக்கும் என்று நினைத்தார். அந்த இனம் இன்று உலகில் இல்லை. 1844இல் ஐஸ்லாந்தின் எல்டே பாறையில் பெரிய ஆக் பறவையின் கடைசி இணையைக் கொன்றதும் சேகரிப்பாளருக்கு விற்பதற்காகத்தான். அவற்றின் உள்ளுறுப்புகள் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன, பறவைதான் இல்லை. சேகரிப்பு மட்டுமே இந்த இனங்களை அழித்தது என்று நான் சொல்லவில்லை. ஆட்டுக்காரர்களும் மாலுமிகளும் எண்ணிக்கையைக் குறைத்துவைத்த பிறகு, மிச்சமிருந்தவற்றின் மீது அறிவின் பெயரால் கை வைத்தார்கள். அருகிப்போனது என்பதாலேயே சேகரிப்பாளருக்கு அதன் மேல் ஆசை கூடியது.

இது எங்கோ தீவில் நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. பழனி மலையின் உச்சிகளும் தீவுகள்தான். சுற்றிலும் கடலுக்குப் பதிலாக வெப்பமான சமவெளி. சோலையில் வாழும் சிறு பறவையால் அந்த வெப்பத்தைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. அந்தத் தீவும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அரசுமணி, இயன் லாக்வுட், ராபர்ட் ஸ்டூவர்ட், ராபின் முதலியோர் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. சீகை, தைல மரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வீடு இவ்வளவு சுருங்கிய பிறகு, 1860களில் எடுத்த எண்ணிக்கையை இன்றும் எடுக்கலாம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்?

இந்த ஆய்வைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழனி மலையின் விலங்குகளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு எது என்பதைச் சொன்ன வேலை இது. அதற்கு ஒரு புழுவைக்கூடக் கொல்லவில்லை. செயற்கைக்கோள் படங்களையும், மலையை நடந்தே அறிந்தவர்களின் கண்களையும் வைத்துச் செய்தார்கள். அதில் பங்கெடுத்த லாக்வுட் ஒரு பள்ளி ஆசிரியர். கத்தி இல்லாவிட்டால் ஆசிரியருக்கு வேலையே இல்லை என்பவர் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஃபேர்பேங்க்கின் அதே இரண்டு பறவைகளுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்ப்போம். 2017இல் வி. வி. ராபினும் உமா ராமகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளின் இந்தப் பறவைகள் தனிப் பேரினங்களைச் சேர்ந்தவை என்று நிறுவினார்கள். நீலப் பறவைக்கு ஷோலிக்கோலா என்றும் சிரிப்பானுக்கு மான்டிசிங்க்ளா என்றும் பெயர் வைத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் போன்ற இடைவெளிகள் பறவைகளைப் பிரித்து, லட்சக்கணக்கான ஆண்டுகளில் வெவ்வேறாக்கிய வரலாறும் இத்தகைய ஆய்வுகளிலிருந்துதான் வெளிவந்தது. துப்பாக்கி நூற்றைம்பது ஆண்டுகளில் சொல்லாததை ரத்தத் துளி சொன்னது.

அந்தத் துளியை எப்படி எடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பொறுப்பு என்றால் என்ன என்பது புரியும். விடியுமுன் சோலைக்குள் மெல்லிய நூல் வலையைக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டு டீ குடிக்கப் போவதில்லை. குறுகிய இடைவெளியில் வந்து வந்து பார்க்கிறார்கள். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் நனைந்த சிறு பறவை வலையில் தொங்கினால் வெகு சீக்கிரம் உயிர் போய்விடும். அதனால் மழை தூறினால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். சிக்கிய பறவையைக் காலில் மாட்டிய நூலிலிருந்து ஒவ்வோர் இழையாக விடுவித்து, துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கையின் அடிப்பக்க நரம்பில் ஊசி முனையால் தொட்டு ஒரு துளி எடுத்து, பஞ்சால் அழுத்தி, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். இடையில் பறவை வாய் பிளந்து மூச்சு வாங்கினாலோ கண்ணை மூடினாலோ அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். எடை பார்த்திருக்க மாட்டார்கள், ரத்தம் எடுத்திருக்க மாட்டார்கள். அத்தனை காத்திருப்பும் வீண். ஆனாலும் விட வேண்டும். தகவலை இழக்கத் தயாராக இருக்கும் கைக்குத்தான் பறவையைப் பிடிக்கும் தகுதி உண்டு.

'வலை கட்டுவதும் துன்புறுத்தல்தானே, அப்புறம் என்ன நெறி?' என்று பேராசிரியர் மடக்குகிறார். ஆமாம், துன்பம்தான். அதை மறைக்காதவர்கள்தான் அதைக் குறைக்க வழி தேடினார்கள். வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959இலேயே மூன்று கேள்விகளை ஆய்வாளர்கள் முன் வைத்தார்கள்: விலங்கு இல்லாமல் முடியுமா, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வலியைக் குறைக்க முடியுமா? கொஞ்சம் துன்பம் தவிர்க்க முடியாதது என்பதால் எவ்வளவு துன்பமும் சரி என்று ஆகிவிடாது. ஒரு துளி ரத்தத்தையும் ஓர் உயிரையும் ஒரே தராசில் வைப்பவர் அளவு என்பதையே மறுக்கிறார். அளவை மறுப்பவர் அறிவியலைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்.

மாதிரி எடுத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. நகத்தளவு புதர்த் தவளைகளில் இனத்தைப் பிரித்தறிய உடலை நுணுகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிய இனத்துக்குப் பெயரிட ஒரு மூல மாதிரி வேண்டும் என்பதே உலக வழக்கம். அதை நான் எதிர்க்கவில்லை. அனுமதியோடு, மிகச் சில எண்ணிக்கையில், முழுக் குறிப்போடு எடுத்து, பொதுச் சேகரத்தில் வைத்து, முடிவை வெளியிட்டால் அந்த உயிருக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த வழக்கத்துக்கும் மேலே போன ஓர் இந்தியர் இருக்கிறார். அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் ரமணா ஆத்ரேயா கண்டுபிடித்த புகுன் லியோசிக்லா பறவைக்கு 2006இல் பெயரிடப்பட்டது. பார்த்த பறவைகள் மிகச் சில. அதனால் கொல்ல மறுத்தார். வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, உதிர்ந்த சில இறகுகளையே மூலச் சான்றாக வைத்து, பறவையை விட்டுவிட்டார். ஆத்ரேயா தொழிலால் வானியலாளர். தொழில்முறை விலங்கியலாளர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

கொல்வது மட்டும்தான் கேடு என்றும் நினைத்துவிடக் கூடாது. உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் என்ற பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஈரமான பூட்ஸிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு அது ஓர் ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகும். வட்டக்கானல் ஓடையில் கால் நனைத்துவிட்டு அதே காலோடு மாணவர்களை மன்னவனூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர், தவளைகளை நேசித்துக்கொண்டே அவற்றுக்கு நோயைச் சுமந்துபோகலாம். கிருமிநாசினியில் பூட்ஸைக் கழுவச் சில நிமிடம் போதும். பறவை வரட்டும் என்று அதன் குரலைப் போனில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிடுவதும், மாணவர்கள் பார்க்கட்டும் என்று பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்குவதும், கல்லைப் புரட்டித் தேளைக் காட்டிவிட்டுப் புரட்டிய கல்லை அப்படியே விட்டுப்போவதும் பாடம் என்ற பெயரில்தான் நடக்கின்றன.

இனி தவளைக்கு வருவோம். பேராசிரியரின் கோபத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் உடற்கூறு அறுவைச் செய்முறைகளைப் படிப்படியாக நிறுத்த வழிகாட்டியது. 2014இல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் முழுமையாக நிறுத்தச் சொன்னது. அதனால் மாணவர்கள் கையால் தொட்டுக் கற்கும் வாய்ப்பை இழந்தார்கள் என்கிறார்.

அந்தச் செய்முறை வகுப்பு எப்படி நடந்தது என்பது அதில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். வயலிலும் குளத்திலும் பிடித்துச் சாக்கில் கட்டிய தவளைகளைக் கல்லூரிப் பின்வாசலில் இறக்குவார்கள். குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சோடு ஜாடியில் அடைப்பார்கள். மெழுகுத் தட்டில் மல்லாத்திக் கால் நான்கிலும் குண்டூசி குத்துவார்கள். மயக்கம் போதாமல் சில தவளைகள் பாதி அறுவையில் காலை இழுக்கும். கத்தியைப் பிடித்திருக்கும் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். 'அது வெறும் அனிச்சைச் செயல், தொடரு' என்று பதில் வரும். வகுப்பு முடியும்போது பெரும்பாலான தட்டுகளில் ரத்தமும் கிழிந்த சவ்வும்தான் மிஞ்சும். நரம்பையோ நாளத்தையோ அடையாளம் காண முடியாது. ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டிய படத்தைச் சுவரில் தொங்கிய சார்ட்டைப் பார்த்தோ கைடைப் பார்த்தோ வரைவார்கள். கையால் தொட்டுக் கற்றது என்று பேராசிரியர் போற்றுவது இதைத்தான். அந்தப் படத்துக்குத் தவளை தேவைப்படவே இல்லை. சார்ட் போதுமாக இருந்தது.

தவளை வந்த வழியும் சட்டப்படி சுத்தமானது அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய நான்காம் அட்டவணையில் தவளைகள் இடம்பெற்றிருந்தன. தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987இல் நிறுத்திவிட்டது. வயலில் பூச்சியைத் தின்ன ஆளில்லாமல் போகும் என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். வணிகத்துக்குப் பிடிக்கக் கூடாது என்று அரசு சொன்ன பிறகும் பாடத்துக்காகப் பிடித்துக்கொண்டே இருந்தோம். சாக்கைக் கொண்டுவந்தவரிடம் அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்ட விலங்கியல் துறைகள் எத்தனை?

இந்த விதிகள் வெளிநாட்டுக் காருண்ய வியாபாரத்தின் இறக்குமதி என்ற குற்றச்சாட்டும் பேராசிரியரின் பேச்சில் வருகிறது. பழனி மலைக்குப் பக்கத்து மதுரையில் 1904இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை அவர் மறந்துவிட்டார். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பின் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமான இடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. கல்லூரிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வெறும் கைத்திறன் பழகுவதற்காக விலங்கைப் பயன்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. 2014இல் வந்தது புதுச்சட்டம் அல்ல. அரை நூற்றாண்டாக நாம் மதிக்காமல் இருந்த சட்டத்தை மதிக்கச் சொன்ன ஆணை அது.

மாற்று இல்லை என்பதும் பொய். சென்னை புளூ கிராஸ் கணினித் தவளையை உருவாக்கியது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்குக்கு மாற்று வழிகளுக்காகவே மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் அமைந்தது. எம். ஏ. அக்பர்ஷா அங்கிருந்து ஆசிரியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். கணினி போதாது என்றால் கசாப்புக் கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி வாருங்கள். நான்கு அறைகளும் வால்வுகளும் விரலுக்குத் தட்டுப்படும். தவளையின் மூன்று அறை இதயத்தைக் கிழித்துப் பார்த்ததைவிட மனித உடலுக்கு நெருக்கமான பாடம் கிடைக்கும். தவளையைப் பற்றித்தான் தெரிய வேண்டும் என்றால் மழைக்காலத்து மாலையில் சோலை ஓரத்தில் மாணவர்களை உட்கார வையுங்கள். எத்தனை குரல், எந்த உயரத்திலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு ஈரத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். விலங்கியல் மாணவருக்கு வேண்டிய கவனம், பொறுமை, பதிவு மூன்றும் அதில் இருக்கின்றன. இதைச் செய்யாமல், அறுக்க விடாததால் துறை செத்தது என்பவர் தன் வகுப்பறையின் வறட்சிக்குத் தவளை மேல் பழி போடுகிறார்.

'மனசாட்சி போதும்' என்ற வாதம்தான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. ஆய்வகத்தில் இருவருக்குக் குரல் இல்லை. ஒன்று, தட்டில் இருக்கும் விலங்கு. மற்றது, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்காக ஆசிரியரின் கையை நம்பியிருக்கும் மாணவர். 'எனக்கு இது வேண்டாம் சார்' என்று சொல்ல ஒரு மாணவி எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்பதை, அவள் சொல்லவே இல்லை என்பதால் பேராசிரியர் அறியமாட்டார். மறுப்புச் சொல்ல முடியாத இருவர் மேல் அதிகாரம் செலுத்துபவர் தன் மனசாட்சியையே தனக்கு நீதிபதியாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் விலங்குச் சோதனை செய்யும் நிறுவனங்களின் நெறிமுறைக் குழுவில் வெளி நிறுவனத்து விஞ்ஞானி ஒருவரும், விஞ்ஞானியே அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஏன், எத்தனை, எதற்கு என்று அந்த வெளியாள் கேட்கும் எளிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஆய்வு எவ்வளவு உயர்ந்த இதழில் வந்தாலும் அரைகுறைதான்.

அனுமதி வாங்குவதில் தாமதம் இருக்கிறது என்பது உண்மை. வன அலுவலகத்தில் கோப்பு மாதக்கணக்கில் கிடப்பதும், நேர்மையான ஆய்வாளர் அலைக்கழிக்கப்படுவதும் நடக்கின்றன. காலக்கெடு வேண்டும், காரணம் எழுதித் தர வேண்டும், விஷயம் தெரிந்தவர் பரிசீலிக்க வேண்டும் என்று போராடுங்கள், கூட வந்து நிற்கிறேன். கேள்வியே கேட்கக் கூடாது என்று சொன்னால் எதிரே வந்து நிற்பேன்.

கோழிக்கு வருவோம். உணவுக்காகக் கொல்வதைப் பற்றித் தனியே பேச வேண்டியது நிறைய உண்டு. ஆனால் கோழியை அறுப்பவர் நான் கோழியை நேசிக்கிறேன், கோழியின் வாழ்வை உலகுக்கு விளக்கப்போகிறேன் என்று சொல்லி அரசிடம் சம்பளமும் நிதியும் வாங்குவதில்லை. நாம் வாங்குகிறோம். ஒரு விலங்கின் நரம்பு எங்கே ஓடுகிறது, அதற்கு எங்கே வலிக்கும், எந்தப் பருவத்தில் முட்டையிடும், அதன் இனம் இன்னும் எத்தனை இடத்தில் மிஞ்சியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் நாம். தெரிந்தவருக்குப் பொறுப்பு கூடுதல். தெரியாதவரைக் காட்டித் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்பவர் கற்ற கல்வியை அவமதிக்கிறார்.

பேராசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு விலங்கின் மேல் கை வைக்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன கேள்விக்கு விடை தேடுகிறேன்? இதற்கு விடை ஏற்கெனவே செண்பகனூரிலோ நூல்களிலோ இருக்கிறதா? விலங்கு இல்லாமல் முடியுமா? முடியாதென்றால் மிகக் குறைந்த எண்ணிக்கை எது? வலியை எப்படிக் குறைப்பேன், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவேன்? கிடைத்ததை எங்கே, யார் பார்க்கும்படி வைப்பேன்? விருப்பமில்லாத மாணவர் மதிப்பெண் இழக்காமல் விலக வழி இருக்கிறதா? அந்தத் தாளை வகுப்பில் சத்தமாகப் படியுங்கள். முதல் வரிசை மாணவர் எழுந்து கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

இது ஆய்வுக்குத் தடை என்று நீங்கள் சொன்னால், இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இல்லை என்றுதான் பொருள். பதில் இருப்பவர்கள் இதே பழனி மலையில், இதே விதிகளுக்கு உட்பட்டு, ஃபேர்பேங்க்குக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பறவையும் உயிரோடு இருக்கிறது, அறிவும் வளர்ந்திருக்கிறது. விலங்கியல் சாகவில்லை. கணக்குக் கேட்டால் கோபப்படும் விலங்கியல் மட்டும்தான் செத்துக்கொண்டிருக்கிறது, அது சாகட்டும்.